உள்தையல்

ரோஸ்மரி இனாவனின் விலா எலும்புகளை
அவளுடைய இரண்டு புருஷன்மாரையும்விட
எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சென்ட் காலன் நாடக அரங்கு,
மூன்றாம் மாடித் தையலறை.
முதல்நாள் அளவெடுக்கையில் "பொறு" என்றாள்.
மூச்சை இழுத்தாள்.
என் விரலிடுக்கில் நாடா
ஐந்து சென்றிமீற்றர் ஓடியது.
"இவ்வளவையும் எனக்கு விட்டுவை."

அவளுக்கு அப்போது இருபத்தாறு.
எனக்கு ஜெர்மனில் எண்கள் மட்டும் தெரியும்.
போதுமாயிருந்தது.

முதல் வருடம் ஆண்பிள்ளை வேடம்,
அரண்மனை எடுபிடி, நீல வெல்வெட் கோட்டு.
அடுத்து வாயாடி வேலைக்காரி.
பிறகு ஆறு பருவங்கள் சீமாட்டி.
சூரிச்சிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து
இரண்டாம் வரிசையில் இருந்தார்.
இடைவேளையில் தொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.
அதைச் சொன்னவள் நான்தான்,
கொக்கி மாட்டிக்கொண்டே.
சொல்லியிருக்கக் கூடாது.
மிச்ச நாடகம் முழுக்க
அந்த வெறுங்கதிரைக்கே பாடினாள்.
அப்படிப் பாடி நான் பிறகு கேட்டதில்லை.

ஒரு தை மாதம்
இடுப்பில் இரண்டு சென்றிமீற்றர் தளர்த்தினேன்.
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
மாசியில் இன்னும் மூன்று.
பங்குனியில், "பழையபடி ஒடுக்கிவிடு."
என் வாய் நிறையக் குண்டூசி.
பேசாதிருக்க அது ஒரு வசதி.
அன்றிரவும் படிகளில் துள்ளி இறங்கினாள்.
சிரிப்புப் பாட்டை
மூன்று தரம் திரும்பக் கேட்டார்கள்.

நாற்பதுக்குப் பிறகு தாய், மடத்துத் தலைவி,
பசைமூக்கு ஒட்டிய சூனியக்காரி.
"இவளுக்கு மேல்ஸ்தாயி கிடையாது, நிம்மதி" என்றாள்.
கடைசிப் பருவம் தபால்காரி.
பாட்டே இல்லை. ஒரேயொரு வசனம்:
"உங்களுக்குக் கடிதம் இல்லை."
அதை பஸ்ஸில் சொல்லிப் பார்த்தாள்,
கழிவறையில் சொல்லிப் பார்த்தாள்,
என்னிடம், கோபமாய், கெஞ்சலாய்,
சளி பிடித்தவள்போல்.
மேடையில் அந்த மூன்று சொல்லுக்கும்
முழு விலாவையும் திறந்தாள்.
முதுகில் ஒரு கொக்கி தெறித்து
வாத்தியக்காரர் பக்கம் விழுந்தது.
இன்னும் கிடைக்கவில்லை.

நீலக் கோட்டின் கழுத்துப்பட்டியில்
போட்டவர்கள் பெயரெல்லாம் வரிசையாய் இருக்கும்.
இனாவன் மேல் கோடு கிழித்து
கீழே ஒரு புதுப்பெயர் எழுதியாயிற்று.
பிள்ளை மெலிசு, கோட்டு தொளதொளக்கிறது.
ஒடுக்கினேன்.
துணியை வெட்டவில்லை,
உள்ளே மடித்துத் தைத்திருக்கிறேன்.

நேற்று ரோர்ஷாக்கிலிருந்து போன் எடுத்தாள்.
நாய்க்குக் குளிர்ச்சட்டை வேண்டுமாம்.
அளவு சொன்னாள்.
"நாய் மூச்சை இழுத்தபிறகு எடுத்ததா?" என்றேன்.
சிரித்தாள், இருமினாள்,
"பொறு" என்றாள்.
போனை வைத்துவிட்டு
நாயைக் கூப்பிடுவது கேட்டது.