படர்க்கை

ஜனவரி. ஜன்னல் விளிம்புவரை பனி.
பொட்லாசியா கிராமங்களில்
சாமியார் வீடு வீடாக வரும் வாரம்.
ஹல்ஷ்கா மேசையில் வெள்ளைத் துணி விரித்தாள்,
பாடுபட்ட சுரூபத்தைத் துடைத்து நடுவில் நிறுத்தினாள்,
இரண்டு பக்கமும் மெழுகுதிரி,
ஊறுகாய்க் கிண்ணத்தில் தீர்த்தம்.
உறைக்குள் நூறு ஸ்வோத்தி.
பசை ஒட்டவில்லை. நாக்கால் நனைத்து
இரண்டு தரம் அழுத்தினாள்.

நான் சமையலறையில்.
கதவை முழுதாகச் சாத்தவில்லை.

எங்கள் போலிஷ் பேச்சில்
சாமியாரை 'நீ' என்பதில்லை,
'நீங்கள்' என்பதும் இல்லை.
எதிர் நாற்காலியில் இருப்பவரை
எங்கோ ஊருக்கு அப்பால் இருப்பவர் போல விசாரிப்போம்:
சாமியாருக்குக் குளிர்கிறதா?
சாமியார் இன்னொரு துண்டு கேக் எடுப்பாரா?
முன்னிலையில் அமர்ந்தவரைப்
படர்க்கையில் நிறுத்திவைக்கும் மரியாதை.
சின்ன வயதில் நான் திரும்பிப் பார்ப்பேன்,
பின்னால் இன்னொரு சாமியார் நிற்கிறாரோ என்று.

டிமோன் சாமியாருக்கு முப்பத்தொரு வயது.
அங்கி விளிம்பில் உருகிய பனி
தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.
ஜெபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து,
குளிர்சாதனப் பெட்டிக்கும் இரண்டு துளி விழுந்து,
பங்குப் பதிவேட்டைப் பிரித்தார்.
வீட்டில் எத்தனை பேர்?
"இரண்டு."
கணவர்?
"வேலையாக இருக்கிறார்."
நான் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு
சும்மா நின்றிருந்தேன்.

அவள் கோபம் எனக்குத் தெரியும்.
குரல் தாழும். சொற்கள் ஒவ்வொன்றும்
இஸ்திரி போட்டு மடித்து வைத்தது போல வரும்.

"சாமியார் கிறிஸ்துமஸ் இரவுப் பிரசங்கத்தில்
வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர்களைச்
சுற்றுலாப் பயணிகள் என்றார்.
முன் வரிசைகளில் சிரித்தார்கள்.
சாமியாருக்குத் தெரிந்திருக்குமா…"

ஒரு மூச்சு.

"அன்று சாயங்காலம் கோவில் படியில் பனியை வாரி
மணல் தூவியவன் அந்தப் பயணிகளில் ஒருவன்.
சாமியார் வழுக்காமல் ஏறிவந்தார்.
தங்கையை அடக்கம் செய்த நாளிலிருந்து
அவனால் உள்ளே உட்கார முடிவதில்லை.
வாசல்வரை போகிறான்.
வாசலைச் சுத்தம் செய்கிறான்.
சாமியாரைக் குறை சொல்லவில்லை.
சாமியாருக்கு இதை யார் சொல்வார்கள்?"

பீடச் சிறுவன் இஞ்சி பிஸ்கோத்தை
மெல்லுவதை நிறுத்தியிருக்க வேண்டும்.
அந்தச் சத்தம் நின்றது.
இனி ஒரு புனிதரின் பெயர் வரும்,
அல்லது சட்டப் புத்தகத்தில் ஓர் எண் வரும் என்று
நான் காத்திருந்தேன்.
மெழுகு சொட்டும் அளவு நேரம் போனது.

"சாமியாருக்குத் தெரியவில்லை."

தன்னைத்தான் சொன்னார்.
ஊருக்கு அப்பால் நின்ற ஒருவரைத்
தேடிப் போய்க் கையைப் பிடித்துக்
கூட்டிவருகிறவர் போல, மெதுவாக.
பிறகு, இன்னும் தாழ்ந்த குரலில்:
"எனக்குத் தெரியவில்லை."

உறையை எடுத்துக்கொண்டார்.
அதுவும் சரிதான், கோவில் கூரை ஒழுகுகிறது.
நிலைக்கு மேலே மூன்று ராஜாக்களின் எழுத்தைப் போடுகையில்
சுண்ணக்கட்டி ஒடிந்தது.
பாதி செருப்புப் பலகைக்கு அடியில் போனது.
அதைக் குனிந்து எடுத்தவர்
பாதி சாத்திய என் கதவைப் பார்த்துக் கேட்டார்:
"வீட்டுக்காரர் பனிவாரியை எங்கே வைக்கிறார்?"

இப்போது படர்க்கையில் நான்.

"மணிக்கூண்டுக்குப் பின்னால்," என்றேன்.
கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போல.
ஹல்ஷ்கா என் பக்கம் திரும்பவில்லை.
விரலை நனைத்து மெழுகுதிரிகளை அணைத்தாள்.

அடுத்த ஞாயிறும் நான் உள்ளே போகவில்லை.
சொல்லிவிடுகிறேன், யாரும் வேறு மாதிரி நினைக்க வேண்டாம்.
மணிக்கூண்டுக்குப் பின்னால், என்னுடையதன் பக்கத்தில்
இன்னொரு பனிவாரி சாய்ந்திருந்தது.
பிடியில் விலைச்சீட்டு இன்னும் கிழிக்கப்படவில்லை.
ஆனால் அலகு நனைந்திருந்தது.