வெற்றுத் தட்டு

காலை ஒன்பதே முக்காலுக்குள்
அன்றைய காசு தீர்ந்துவிடுகிறது.
போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை.

ஜெலுத்தோங்கில் கடை. கீழே மீ வறுக்கிறார்கள்,
மாடியில் நாங்கள்: கரையான், கரப்பான், எலி.
இணையத்தில் எங்கள் விளம்பரத்தை யார் தட்டினாலும்
ஆறு ரிங்கிட் இருபது சென்.
தட்டியவர் வீட்டில் கரையான் இருக்கவேண்டும் என்று
சட்டமில்லை.

ஜீவரத்தினம் ஸ்க்ரூடிரைவர் பிடியால்
கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பார்.
நல்ல மரம் ‘டொக்’ என்னும்.
தின்று தீர்ந்த மரம் வேறு மாதிரி,
ஆளில்லாத வீட்டில் யாரோ இருமுவதுபோல்.
அந்தக் காதைக் கொஞ்சம் கொடுங்கள் என்றேன்
அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு.

பின்னிரவு மூன்று பத்து, மூன்று பதினொன்று,
மறுபடி மூன்று பதினொன்று.
வந்தவர் ஒரு நொடிகூட நிற்கவில்லை.
விலை கேட்கவில்லை.
ஒரே முகவரி, பத்தொன்பது தட்டு.
பாயான் லெப்பாஸ் பக்கம் என்றது வரைபடம்.
போன வருஷம் எங்களிடம் வேலை பார்த்தவன்
அங்கேதான் சொந்தக் கடை போட்டிருக்கிறான்.
அவன்தான் என்று சொல்லமாட்டேன்.
அவனில்லை என்றும் சொல்லமாட்டேன்.

அந்த எண்ணை அடைத்தேன். மறுநாள் வேறு எண்.
ஒரு துளைக்கு மருந்து வைத்தால்
அடுத்த அறையில் மண்கோடு எழுமே, அதே கதை.
இரவு பதினொன்று முதல் ஆறுவரை
விளம்பரத்தைத் தூங்கவைத்தேன்.
தீவுக்கு வெளியே தெரியாமல் சுருக்கினேன்.
நேரம், எண், நொடி எல்லாம் எழுதி அனுப்பினேன்.
பதினாறு நாள் கழித்து
ஏழு தட்டு மட்டும் பொய் என்று ஒப்புக்கொண்டு
நாற்பத்து மூன்று ரிங்கிட் நாற்பது சென்
வரவு வைத்திருந்தார்கள். கீழே யார் பெயரும் இல்லை.

பட்டியல் மெலிந்தது. ஒன்று மட்டும் போகவில்லை.
தினமும் காலை ஏழு ஐந்து. ஒரே தட்டு.
நாற்பது நொடி நிற்கிறது.
எங்கள் வீட்டு வைஃபை.

“நம்ம பேரு மேல வருதான்னு பாத்தேன்,” என்றார்
ரொட்டியை மென்றபடி.
எத்தனை நாளாக?
“நீ போட்ட நாள்லேர்ந்து.”

மனதுக்குள் பெருக்கினேன். தொகையைச் சொல்லவில்லை.
அடைக்கும் பொத்தான்மேல் விரல் வைத்தபோது
போன் அடித்தது. ஆயர் ஈத்தாம், ஒரு பெண்:
கதவு நிலையில் விரல் உள்ளே போகிறதாம்.
விளம்பரத்தைப் பார்த்தீர்களா என்றேன், ஆசையாய்.
“இல்லீங்க, கரண்டு கம்பத்துல ஒட்டியிருந்துச்சு.”

அவளுக்குப் பின்னால் யாரோ மரத்தைத் தட்டிக் காட்டினார்கள்.
ஸ்பீக்கரில் போட்டேன்.
ஜீவரத்தினம் மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.