பிசகிய சிவப்பு

இல்லினாயில் இரவு ஷிப்ட்.
ஓடும் அச்சிலிருந்து
ஒரு தாளை உருவுகிறான் வெர்லன் டெஸ்கி.
பதினேழாம் பக்கம்:
சூரியனுக்கொரு சொட்டாகத்
தன் ரத்தத்தை எண்ணிச் செலவழித்து
அண்டத்தை எரிக்கும் ஓர்காத்.
நல்லவனில்லை.
கெட்டவர்களும் சேர்த்துக்கொள்ளாதவன்.

சிவப்புத் தகடு
ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டது.
உடம்பை விட்டுத் தள்ளி
பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்கிறது கோபம்.
அது காலி செய்த இடத்தில்
வெளிறிய நீலமாய் ஒரு முகம்,
எதையோ கேட்க வந்து
மறந்துபோனவனுடையது.

திருகைக் கால் சுற்று திருப்புகிறான்.
அடுத்த தாளில்
ரத்தம் ஆளுக்குள் போய்விட்டது.
மூன்று கிரகங்கள் காலி.

கழிவுத் தாளை நாலாய் மடித்து
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைக்கிறான்.
விடிந்ததும்
தம்பியைப் பார்க்கப் போகவேண்டும்,
ஜாமீன் பணத்தோடு.