நாலு விரல் தண்ணீர்

தொரப்பாடிச் சிறையில் ஐந்து மணி அடிக்கும்போது
மலையில் கால் வைத்தோம்.
கத்திரியின் ஒன்பதாம் நாள்.
யாரும் தேர்ந்தெடுக்கிற நாள் இல்லை.
நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு
அப்போதுதான் கிடைத்தது.

முனிரத்தினம், முஷ்தாக், ஜெயசீலி, நான்.
அமிர்தி வரை முகட்டோடு முகடாக
மூன்று பகல், இரண்டு ராத்திரி,
பதினாறு லிட்டர் தண்ணீர்.
கணக்குப் போட்டது ஜெயசீலி.
ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் இருக்கிறாள்,
அவள் அளவு தப்பாது.

"ஆத்துல தண்ணியில்ல, மலையில மரமில்ல" என்று
முனிரத்தினம் ஆரம்பித்தான்.
"வெளியூர்க்காரன் மாதிரி பேசாத. அதோ ஒண்ணு கீது பாரு."
கிளுவை.
பாறை வெடிப்புக்குள் கையை விட்டு
திரும்ப எடுக்க மறந்துபோன மாதிரி.
அதன் நிழல் ஒரு தலைக்குத்தான் வந்தது.
முறை வைத்து உட்கார்ந்தோம்.

பதினோரு மணிக்கு எங்கோ குவாரியில் வேட்டு.
காலுக்கடியில் மலை ஒருதரம் விக்கியது.

மதியத்துக்கு மேல் பேச்சு நின்றுவிட்டது.
மேலண்ணத்தில் ஒட்டிய நாக்கைப் பிரித்தால்
தபால் உறை கிழிகிற சத்தம்.
வடக்கே பாலாறு
யாரோ அழித்து அழித்து எழுதிய சிலேட்டுபோல
லாரித் தடங்களோடு கிடந்தது.

ராத்திரி பாறைமேல் துண்டு விரித்துப் படுத்தோம்.
பகலெல்லாம் தின்ற வெயிலை
அது எங்கள் முதுகில் கக்கியது.
முஷ்தாக் ஆற்காட்டு மக்கன் பேடா கொண்டுவந்திருந்தான்.
பாகு ஒழுகி எறும்பு வருமுன்
ஆளுக்கு இரண்டு தின்றோம்.
அதைப்போலொரு மடத்தனம் கிடையாது.
எல்லோரும் தூங்கியபின்னும்
தொண்டையில் சர்க்கரை விழித்திருந்தது.

காலையில் பெரிய கேனில்
நாலு விரல் தண்ணீர் குறைந்திருந்தது.
ஜெயசீலி பேனாவால் போட்டிருந்த கோடு
மேலே, காய்ந்த இடத்தில், தனியாக நின்றது.

யாரும் கேட்கவில்லை.
நேற்று ஒரே கொத்தாக நடந்தவர்கள்
இன்று கூப்பிடு தூரம் விட்டு நடந்தோம்.
நெருஞ்சி குத்தினால்கூட
அவரவர் முள்ளை அவரவரே எடுத்துக்கொண்டோம்.

மூன்றாம் பகல், சுனை.
சுனை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
அண்டா அளவுப் பள்ளம், பாசி,
விளிம்பில் ஆட்டுப் புழுக்கை, ஒரு தேரை.
ஜெயசீலியின் துப்பட்டாவை நாலாக மடித்து வடிகட்டினோம்.
பச்சிலையும் இரும்பும் கலந்த ருசி.
முகம் நனைந்ததும் முஷ்தாக் சொன்னான்:
"மொத நாள் ராத்திரி ரெண்டு விரல் நாந்தான்டா.
எல்லாம் அந்தப் பேடா வேலை."
முனிரத்தினம் வாயைத் துடைத்தபடி,
"ஒண்ணு என்னுது."

மிச்சம் ஒரு விரல்.
ஜெயசீலி என்னைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்க்காமலிருக்க
தேரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் ஷூ கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டினேன்.
இரண்டு காலிலும்.

அமிர்தியில் பஸ் நிற்கிற இடத்துப் பெட்டிக்கடை.
ஐஸ் பெட்டியில் ஒரேயொரு பன்னீர் சோடாதான் மிச்சம்.
அவர்கள் இரண்டு பேரையும் தாண்டி
ஜெயசீலி அதை என்னிடம் நீட்டினாள்.
"நீ மொதல்ல."
சிரித்தாளா, தெரியவில்லை.
வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
நான் குடித்தது இரண்டு விரல்.
அன்று இருட்டில், கேனின்மேல் விரலை வைத்து
அளந்துதான் குடித்தேன்.
அப்படியானால் இவர்களில் ஒருவன்
குடிக்காத தண்ணீரைத் தன்பேரில் எழுதிக்கொண்டிருக்கிறான்.

முன்சீட்டில் முனிரத்தினம்
வாயைத் திறந்தபடி தூங்குகிறான்.
என் தோளில் முஷ்தாக்கின் தலை,
உப்புப் பூத்து,
ஒவ்வொரு குழிக்கும் இடித்துக்கொண்டு.