ஐம்பத்தாறாம் நாள்

பெரிய நோன்புக்கு முந்தின மாலை
கடையின் சிவப்புக் கதவைச் சாத்துவேன்.
தெப்ரெ பெர்ஹானில் எல்லாக் கறிக்கடையும்
அன்றைக்கே சாத்திக்கொள்ளும்.
கொக்கிகளைத் துடைத்து, வெட்டுக்கட்டையில் கல்லுப்பு தேய்த்து,
தராசுத் தட்டைக் கவிழ்த்து வைப்பேன்.
ஐம்பத்தைந்து நாள் ஊருக்கே
கறியில்லை பாலில்லை வெண்ணெயில்லை முட்டையில்லை.

இருபத்திரண்டு வருஷமாக நோன்பில் என் வேலை
காத்திருப்பது.
யெஷிமெபெத் கடலைமாவுக் குழம்பு கிண்டுவாள்,
நான் நாள் எண்ணுவேன்.
நாற்பதாம் நாள் வாக்கில்
கனவில் வெண்ணெய் உருகத் தொடங்கும்.

இந்த வருஷம் உருகவில்லை.

கடைத்தெரு நாய்களுக்கு நோன்பு தெரியாது.
மூடிய கதவின் முன் உட்கார்ந்து
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.
ஆடுகளுக்கு என்னைத் தெரியும்.
சந்தையில் நான் வரும் பக்கம் விட்டு
மந்தையே ஒதுங்கும். எவ்வளவு சோப்பு போட்டாலும்
அவற்றுக்குத் தெரியும்.
நான்காம் வாரம் ஒரு கிடாய்,
காது கிழிந்தது, யாருடையதோ,
நேராக வந்து என் உள்ளங்கையை நக்கியது.
உப்புக்காகத்தான். ஆனாலும்
கையை எடுக்கத் தோன்றவில்லை.
பேரம் பேச வந்தவன் இரண்டு தடவை விலை கேட்டான்.
நான் கை கழுவாமல் வீட்டுக்குப் போனேன்.

பாதிரியார் கெப்ரெ கிதானிடம் சொன்னேன்.
"முடிகிறதுதான் நோன்பு, அஸ்ராத்.
எப்போதும் விட்டுவிட்டவன்
எதை விட்டு நோன்பிருப்பான்?
உயிர்த்தவர் விருந்து வைக்கிறார்.
இனி ஐம்பது நாள் புதன், வெள்ளிகூட நோன்பில்லை.
வேண்டாம் என்று முகம் திருப்புவது
பக்தியா, பெருமையா?"
பதில் இல்லை என்னிடம். நல்ல கேள்வி அது.
இன்றுவரை நல்ல கேள்விதான்.

அவர் மடியில் சுவிசேஷம் விரிந்திருந்தது.
ஆட்டுத்தோல் ஏடுகள்.
அந்தப் பழைய எழுத்தை நான் படித்தவனில்லை.
ஆனால் இது மயிர் இருந்த பக்கம்,
இது சதை இருந்த பக்கம் என்று
தொடாமலே சொல்வேன்.
ஒரு புத்தகத்துக்கு எத்தனை ஆடு என்றும் சொல்வேன்.
கர்த்தருடைய பேச்சு அங்கே கறுப்பு மையில், சிவப்பு மையில்
நின்றுகொண்டிருந்தது.
நான் அதற்கு அடியில் இருந்ததை வாசித்துக்கொண்டிருந்தேன்.
இதை அவரிடம் சொல்லவில்லை.

ஃபாசிகா இரவு. கோயிலில் நின்று கால் மரத்தது.
முதல் சேவல் கூவும் முன்னே வீடு திரும்பினோம்.
முற்றத்தில் மச்சினன் தெக்லு ஆட்டைப் பிடித்துக்கொண்டு
கத்தியை என் பக்கம் நீட்டினான்.
"உன் கைதான் வலிக்காத கை."
உண்மை. ஒரே இழுப்பு,
கிழக்கே பார்த்து, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால்.
ஆயிரம் தடவை சொன்ன பேர்கள்.
அந்த இரவு அவற்றைச் சும்மா சொல்லிப் பார்க்க ஆசையாயிருந்தது,
கத்தி இல்லாமல்.
"நீயே செய்" என்றேன்.
தெக்லுவுக்குப் பழக்கமில்லை. மூன்று இழுப்பு.
என் கை வலிக்காததால் மிச்சமானது எது,
வலித்தது எதற்கு என்று
அதைப் பிறகும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஒரே தட்டு, ஒரே இன்ஜெரா, சுற்றி ஏழு பேர்.
நடுவில் கோழிக்குழம்பு சிவந்து கிடந்தது.
யெஷிமெபெத் ஒன்றும் பேசாமல்
என் பக்கத்து ஓரத்தில் கீரையால் ஒரு வரப்பு கட்டினாள்,
மடைபோடத் தெரிந்தவள் கட்டுகிற மாதிரி.
உள்ளே கொஞ்சம் மைசூர்ப் பருப்பு.
மற்றவர்கள் பார்த்தார்கள். தெக்லு சிரித்தான்.
சிவப்பு எண்ணெய் மெல்ல வரப்பு வரைக்கும் வந்து
நின்றது. அப்புறம் ஊறியது.

செவ்வாய்க்கிழமை கடை திறக்க வேண்டும்.
வாடகை இருக்கிறது, நாய்கள் இருக்கின்றன.
தராசு இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது.

விளக்கு அப்போது அணைந்தது, மின்சாரம் போய்விட்டது.
இருட்டில் அவள் கை என் வாய்க்கு எதிரே வந்தது.
அன்புக்கு ஊட்டும் கவளம்,
எங்கள் ஊரில் அதை மறுக்கக் கூடாது.
என்ன இருக்கிறது அதில் என்று கேட்கவில்லை.
கோயிலில் நற்கருணைக்குத் திறப்பதுபோல
வாயைத் திறந்தேன்.

பருப்பு.
உப்பு கொஞ்சம் தூக்கல்.