சட்டை

கோத்லா-யார்வே. சுரங்கத்துக்கு மேலே
பிரிப்புக் கூடம். இரவு முறை.
ரப்பர் பட்டை ஓடுகிறது, அதன்மேல்
துண்டு துண்டாக ஒரு கடல்.

தவிட்டு நிறக் கல் எரியும், அது போகலாம்.
சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல் எரியாது,
பொறுக்கி இடப்பக்கச் சரிவில் எறியவேண்டும்.
எங்கள் பதினோரு பேருக்கும் இதுதான் வேலை.
எரிவதா, எரியாததா?
இதற்குமேல் ஒரு கல்லிடம் கேட்க
எங்களுக்கு நேரம் கிடையாது.

பட்டை நிற்காது. ஒருமுறை தும்மினால்
இரண்டு சிப்பி, பாசி விலங்கின் ஒரு கிளை,
திருகாணிபோல் கடல் அல்லியின் தண்டு
கையைத் தாண்டிப் போய்விடும்
நார்வாவின் கொதிகலனுக்கு.
பிறகு அதே கடல் கம்பிவழியே திரும்பி வந்து
என் சமையலறையில் நாற்பது வாட் பல்பாக எரியும்.
அதன் வெளிச்சத்தில்தான் மீன் கழுவுகிறேன்.

அந்தப் பிப்ரவரியில் ஒன்றை நான்
எறியவும் இல்லை, போகவிடவும் இல்லை.
கட்டைவிரல் நகத்தளவு. முதுகெல்லாம் வரி.
யாரோ மிகப் பொறுமையாக
மடித்து மடித்துத் தைத்ததுபோல்.
கையுறைக்குள் நழுவவிட்டேன்.
அக்ரிப்பினா பார்த்துவிட்டாள்.
"செத்த பூச்சி உனக்கெதற்கு?"
"என் வீட்டுக்காரரும் செத்தவர்தானே," என்றேன்.

அது பொய். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொய்.
எண்டெல் போனது வொர்குட்டாவுக்கு,
கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தியோடு, பகல் ரயிலில்.
மகளிடம் நான் சொன்னது:
பாறை சரிந்தது, அப்பா வரமாட்டார்.
ஏழு வயதுக்கு அது போதும் என்று நினைத்தேன்.
கொக்கியில் அவன் நீலச் சட்டை மட்டும்
முழங்கை மடிப்புக் கலையாமல் தொங்கியது.
துவைக்கவும் இல்லை நான், எரிக்கவும் இல்லை.

தார்த்துவிலிருந்து கல்லெண்ண வந்திருந்த பையன்
ரைமோ, உணவு இடைவேளையில்
கம்பு ரொட்டியை மென்றபடி
அதை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ட்ரைலோபைட் என்றான். நாற்பத்தைந்து கோடி ஆண்டு என்றான்.
அப்போது கரையில் ஒரு மரம்கூட இல்லையாம்.
அதற்குக் கண் கல்லால் ஆனதாம்.
செத்துக் கல்லான பிறகு அல்ல,
உயிரோடு ஊர்ந்தபோதே கல் கண்.
(கல்லுக்குள் புகுந்த வெயில்
என்ன நிறமாக இருந்திருக்கும் என்று
கேட்க வாயெடுத்தேன்.
அவன் ரொட்டியில் குறியாக இருந்தான்.)
பிறகு, போகிறபோக்கில்:
"கன்னத் துண்டு இரண்டும் கழன்றிருக்கு பாருங்க.
இது சாகலை. சட்டை உரிச்சிருக்கு.
உரிச்சுப் போட்டுட்டு, மெத்துன்னு புது உடம்போட
அந்தப் பக்கமா நடந்து போயிருக்கும்."

"எந்தப் பக்கமா?"

சிரித்தான். சேற்றில் தடம் இருந்தால்தான் சொல்லமுடியுமாம்.

மணி அடித்தது. பட்டை மறுபடி ஓடியது.
விடியும்வரை என் கை பொறுக்கியது, கண் பொறுக்கவில்லை.
எத்தனை பிணம், எத்தனை சட்டை
ஒரே சேற்றில் புரண்டு கிடந்து
ஒரே பட்டையில் வருகின்றன!
ஒன்றையுமே சட்டை செய்யாமல்
இத்தனை வருடம் எறிந்திருக்கிறேன்.
அந்த நல்லவனும் அப்படித்தான்,
என்னைச் சட்டை செய்யவில்லை,
சட்டையை மட்டும் விட்டுப்போனான்.
இரவில் முதல்முறையாக எனக்குச் சிரிப்பு வந்தது.
அக்ரிப்பினா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டில் விய்வே கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.
கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.
"செத்துப்போச்சா?"
"இல்லை," என்றேன். "போயிருக்கு."

கொஞ்ச நேரம் விரலால் அதன் வரிகளை எண்ணினாள்.
கொக்கிப் பக்கம் திரும்பவே இல்லை.
கரண்டியை நக்கிவிட்டு, நிமிராமல் கேட்டாள்:
"வொர்குட்டாவில் கடல் இருக்காம்மா?"

ஜன்னலில் வெளிச்சம் வந்து வெகுநேரமாகியிருந்தது.
தலைக்கு மேலே பல்பு
இன்னும் எரிந்துகொண்டிருந்தது, வீணாக.