நாலாவதற்குப் புள்ளி இல்லை

ரியோ காயேகோஸில் காற்றுக்கு
ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
போனட்டைத் தூக்கியதும்
பிடுங்கிக்கொண்டு கடலுக்குப் போகப் பார்த்தது.
நாயின் கயிற்றை அவிழ்த்து
போனட்டை வேலிக் கம்பியோடு இழுத்துக் கட்டினேன்.
பெலூசா என்னைப் பார்த்தது,
தன் பொருளை எடுத்தவனைப் பார்ப்பதுபோல.

பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன் நான்.
எந்த வண்டி, எந்த மேடை, எத்தனை நிமிடத் தாமதம்
என்று சொல்லத்தான் சம்பளம்.
வண்டி எதனால் ஓடுகிறதென்று
இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஒரு மாதமாகச் சிவப்பு விளக்கில் நின்றால்
ரெனோ, நனைந்த ஆடாக உதறுகிறது.
ஓஹேதா பட்டறையில் சொன்ன தொகைக்கு
எனக்கே மூச்சு
மூன்று சிலிண்டரில்தான் ஓடியது.

எனவே
நாலு புதிய பிளக்,
இரவல் சாக்கெட் ஒன்று,
நேற்றிரவு வாசித்த கையேட்டில் இரண்டு பக்கம்.
‘எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்’
என்றது முதல் பக்கம்.
இந்த ஊரில் ஆறாதது எது?

நாலு ஒயரையும் ஒரே மூச்சில் உருவிப் போட்டேன்.
‘ஒன்றைக் கழற்றி, மாற்றி, மாட்டிவிட்டு
அடுத்ததைத் தொடு’
என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்திருக்கிறது.

முதலாவது சுலபமாக வந்தது.
இரண்டாவதும்.
முனையில் வெளிர்ப் பழுப்பு, பிஸ்கட் நிறம்.
மூன்றாவது அசையவில்லை.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
மாத்தே ஒரு குவளை குடித்து
திரும்ப வந்து மெதுவாகத் திருப்பினேன்.
கிறீச்.
உடைந்தது அதுவா, என் மணிக்கட்டா?
இரண்டும் இல்லை.
கறுத்து, ஈரமாக வெளியே வந்தது,
யாரிடமும் சொல்லாத எதையோ
வாயில் அடக்கி வைத்திருந்ததுபோல.

புதியதை விரலால் மட்டும் திருக வேண்டும்.
கருவி கூடாது, அவசரம் கூடாது.
மரை மரையைக் கண்டுபிடிக்கும் அந்த இடத்தில்
கை ஒரு கணம்
தன் அறியாமையை மறந்துவிடுகிறது.
பிறகு சாக்கெட்டால் ஒரு சின்ன அழுத்தம்.
போதும். போதும் என்றால் போதும்.

அப்புறம் ஒயர்கள்.
நாலும் கறுப்பு. நாலும்
ஒரே நீளம்போல நடித்தன.
குத்துமதிப்பாக மாட்டிச் சாவியைத் திருப்பினேன்.

டமார்.

எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது, மூடியது.
பெலூசாவைக் காணோம்.
அதைக் கட்டிவைக்க வேண்டிய கயிறோ
போனட்டைக் கட்டிக்கொண்டிருந்தது.

மூன்று தெரு ஓடி
இறைச்சிக் கடைப் பின்புறம் பிடித்து
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தேன்.
மூச்சு வாங்க, சும்மா இருக்க முடியாமல்
ஒயர்களைச் சட்டையில் துடைத்தபோதுதான்
அழுக்குக்கு அடியில் தெரிந்தது:
ஒன்றில் ஒரு சிவப்புப் புள்ளி.
ஒன்றில் இரண்டு.
ஒன்றில் மூன்று.

நகப்பூச்சு.
நேலிதாவின் நிறம், ஒயின் சிவப்பு.
கோமோதோரோவுக்கு வேலைக்குப் போனபோது அக்கா
வண்டியையும் நாயையும் என்னிடம் விட்டுப் போனாள்.
“நன்றாக ஓடும்” என்றாள், அவ்வளவுதான்.
யாரோ மெக்கானிக் பார்த்துக்கொண்டான் என்றே
நாலு வருடம் நினைத்திருந்தேன்.

எண்ணூறு கிலோமீட்டர் வடக்கே போன் அடித்தது.
பின்னணியில் பாத்திரச் சத்தம், யாரோ திட்டும் சத்தம்.
“நாலாவதற்கு ஏன் புள்ளி வைக்கவில்லை?”
“மூன்று போனால் மிச்சம் நாலுதானே, எல்வியோ.
ஒன்று என்பது கண்ணாடிப் பக்கம்.
முன்னாலிருந்து எண்ணாதே.”
சற்று நிறுத்தி,
“நாய் கிடைத்ததா?” என்றாள்.

நாயைப் பற்றி
நான் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

கண்ணாடிப் பக்கத்திலிருந்து மாட்டினேன்.
ரெனோ ஒருமுறை செருமிவிட்டு
சீராக முணுமுணுக்கத் தொடங்கியது.
“மூன்றாவதில் எண்ணெய் இருந்தது” என்றேன்.
“தெரியும்” என்றாள்.
அடுப்பில் ஏதோ பொங்கியிருக்க வேண்டும்,
போன் வைக்கப்பட்டது.

நாலாவது ஒயரிலும் நாலு புள்ளி வைக்கலாமென்று
வீடு முழுக்கத் தேடினேன்.
நகப்பூச்சு இல்லை.
அப்படியே விட்டுவிட்டுக்
கயிற்றை நாயிடம் திருப்பிக் கொடுத்தேன்.